பட்டுப்புழு கேட்ட சுல்தான்: திப்புவின் ஆட்சியும் அயல்நாட்டு உதவியும்

நாமக்கல் ஊருக்கு நடுவே ஒற்றைப் பாறையாக நிற்கும் மலையை நம் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அடிவாரத்தில் நரசிம்மர் கோயில், எதிரே ஆஞ்சநேயர். உச்சியில் கோட்டை மதில், அதற்குள் ஒரு பெருமாள் சன்னதியும் ஒரு தர்காவும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றால் தவறாமல் ஒரு கேள்வி வரும். இது திப்பு சுல்தான் கோட்டையா அத்தா, அவர் இங்கே இருந்தாரா?

அவர் இங்கே குடியிருக்கவில்லை. ஆனால் நாமக்கல், சங்ககிரி, சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று இன்று நாம் பேருந்தில் கடந்து போகும் இந்தச் சமவெளி 1792 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. இங்கே விளைந்த சோளத்திற்கும் கேழ்வரகிற்கும் வரி வாங்கியது அவருடைய அரசு. அந்த அரசு தோற்றபோது முதலில் கைமாறிய மண்ணும் இதுதான்.

திப்புவை வாளோடும் புலியோடும் மட்டுமே நம் வீடுகளில் நினைவு வைத்திருக்கிறோம். இந்தக் கட்டுரை அவருடைய வாழ்க்கையை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கிறது. நாலா பக்கமும் பகை சூழ்ந்த ஒரு நாட்டை நடத்தியவர் அவர். வெளிநாடுகளிடம் என்ன உதவி கேட்டார்? எது கிடைத்தது? எது அவர் மறைந்த பின்னும் மண்ணில் தங்கியது? எது அவரையே சாய்த்தது? உள்நாட்டுச் சண்டையாலும் வறுமையாலும் நொறுங்கிய நாடுகளுக்கு எப்படி உதவுவது என்று உலகம் விவாதித்துக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், இது பழங்கதை மட்டும் அல்ல.

ஆற்காட்டு வலியின் பெயர்

திப்பு 1750 நவம்பரில், பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளியில் பிறந்தார். தந்தை ஹைதர் அலி, தாய் ஃபாத்திமா ஃபக்ருன்னிஸா. ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள். கன்னட நாட்டை ஆண்டவரின் பெயர் நம் தமிழ் மண்ணின் தர்காவிலிருந்து போனது.

ஹைதர் எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்தக் குறை மகனுக்கு இருக்கக் கூடாது என்று நினைத்தவர். குர்ஆன், ஃபிக்ஹு, பாரசீகம், உருது, கன்னடம் என்று ஆசிரியர்களை வைத்துக் கற்பித்தார். குதிரையேற்றமும் போர்ப்பயிற்சியும் கூடவே நடந்தன. பிற்காலத்தில் திப்புவின் அரண்மனை நூலகத்தில் ஏறக்குறைய 2,000 கையெழுத்துப் பிரதிகள் இருந்தன.

1767-ல் முதல் மைசூர் போர் தொடங்கியது. செங்கம், திருவண்ணாமலை, வாணியம்பாடி, ஆம்பூர், காவேரிப்பட்டினம் என்று நமக்குப் பழக்கமான ஊர்களெல்லாம் போர்க்களமாயின. நாமக்கல் கோட்டையும் 1768-ல் கம்பெனிப் படையிடம் போய், சில மாதங்களில் ஹைதரிடமே திரும்பியது. பதினேழு வயதுத் திப்பு குதிரைப்படையோடு சென்னையின் எல்லை வரை போய் வந்தார்.

1769-ல் ஹைதர் சென்னை வாசலில் நின்று கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டார். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் மராத்தியர் மைசூருக்குள் புகுந்தபோது கம்பெனி அசையவில்லை. வெளியாரின் வாக்குறுதி தனக்கு வேண்டிய நாளில் வரும் என்று நம்பக் கூடாது என்ற பாடத்தைத் திப்பு இளமையிலேயே கண்ணால் பார்த்துவிட்டார்.

கை விட்டுப் போன நட்பு

1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கம்பெனியின் ஒரு படை முழுவதும் அழிந்தது. அந்த வெற்றியில் திப்புவின் பங்கு பெரியது. இரும்புக் குழாயில் மருந்து திணித்து விடப்பட்ட மைசூர் ராக்கெட்டுகள் அங்கே பெயர் பெற்றன. பின்னாளில் இங்கிலாந்தில் காங்கிரீவ் ராக்கெட் செய்யப்பட்டபோது, இந்த மைசூர் ராக்கெட்டுகளைத்தான் முன்மாதிரியாக வைத்துக்கொண்டார்கள்.

1782 டிசம்பரில் சித்தூருக்கு அருகே பாசறையில் ஹைதர் இறந்தார். திப்பு அப்போது தொலைவில் மலபார் பக்கத்தில் இருந்தார். அவர் வந்து சேரும் வரை மரணச் செய்தியை வெளியே விடாமல் காத்த அதிகாரிகளில் பூர்ணையா முக்கியமானவர். மாத்வப் பிராமணரான அவர், திப்பு இறக்கும் நாள் வரை அவருடைய நிதி நிர்வாகத்தில் முன்னணியில் இருந்தவர்.

முப்பத்திரண்டு வயதில் ஆட்சி கைக்கு வந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் கூட்டாளிகள். மங்களூர் கோட்டையைத் திப்பு முற்றுகையிட்டபோது பிரெஞ்சுப் படையும் கூட நின்றது. 1783-ல் ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சமாதானம் ஆகிவிட்டது என்று செய்தி வந்தது. பிரெஞ்சுப் படை துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு விலகிவிட்டது. முற்றுகை பாதியில் நிற்கிறது, கூட்டாளி இல்லை. அவர்கள் எஜமானர் பாரிஸில் இருந்தார், மங்களூரில் இல்லை. தனியாகவே போரை நடத்தி முடித்த திப்பு, 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். இருதரப்பும் பிடித்த இடங்களைத் திருப்பித் தந்தன.

ஏர்க்காலிலிருந்து தொடங்கிய நிர்வாகம்

போர் முடிந்த நாட்டில் முதலில் செய்ய வேண்டியது என்ன? திப்பு வருவாய் விதிகளை எழுதினார். அதிகாரிகளுக்கான அந்த விதித் தொகுப்பு பின்னால் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1792-ல் அச்சாயிற்று. எதிரிகள் ஆர்வத்தோடு படித்த நிர்வாக நூல் அது.

அமல்தார், அதாவது இன்றைய தாசில்தார் போன்றவர், பதவி ஏற்றதும் தன் எல்லையிலுள்ள ஊர்களுக்கு நேரில் போக வேண்டும். ஏர் இல்லாத குடியானவனுக்கு மாடும் கலப்பையும் வாங்கத் தக்காவிக் கடன் தர வேண்டும். தரிசை உடைத்து உழுபவனுக்குத் தொடக்கத்தில் வரிச்சலுகை. அதிகாரிகள் குடியானவர்களைத் தம் சொந்த வேலைக்கு இழுக்கக் கூடாது. சில குற்றங்களுக்கு அபராதப் பணத்துக்குப் பதிலாக மாமரமும் வாதுமை மரமும் நட்டு, அவை ஓரளவு வளரும் வரை தண்ணீர் ஊற்றிக் காக்க வேண்டும்.

பாளையக்காரர்களையும் குத்தகைதாரர்களையும் நடுவிலிருந்து விலக்கி, உழுபவனிடமிருந்து நேராக வரி வாங்குவது திப்புவின் கொள்கை. ஏட்டில் எழுதியது எல்லா ஊரிலும் நடந்துவிடவில்லை. சங்ககிரிக்குப் போகும் மைசூர் வரிப்பணத்தை இளைஞரான தீரன் சின்னமலை வழிமறித்துப் பறித்த கதை கொங்கு நாட்டில் இன்றும் சொல்லப்படுகிறது. மைசூர் வரி இந்தச் சீமைக்கு இனிக்கவில்லை என்பதற்கு அந்தக் கதையே சாட்சி. அதே சின்னமலை பிறகு திப்புவோடு சேர்ந்து கம்பெனியை எதிர்த்தார் என்பதையும் கொங்கு மக்கள் மறக்கவில்லை.

அப்படியிருந்தும், 1790-ல் தொடங்கிய போரில் மைசூருக்குள் நடந்து வந்த ஆங்கிலப் படை அதிகாரிகள் தாம் பார்த்ததை எழுதி வைத்தார்கள். நன்கு உழுத வயல்கள், குடி நிறைந்த ஊர்கள், வளரும் வணிகம். கொடுங்கோலனின் பாழ் நாட்டை எதிர்பார்த்து வந்தவர்கள் அவர்கள்.

காவிரியில் அணை கட்டத் திப்பு திட்டமிட்டதைச் சொல்லும் பாரசீகக் கல்வெட்டு இன்றைக்கும் கிருஷ்ணராஜசாகரில் இருக்கிறது. அந்த அணைத் தண்ணீரால் புதிதாகச் சாகுபடிக்கு வரும் நிலத்துக்கு வழக்கமான வரியில் நான்கில் ஒரு பங்கை அல்லாஹ்வுக்காக விட்டுக்கொடுப்பதாக அதில் பொறித்திருக்கிறார். அணை அவர் காலத்தில் எழவில்லை. நூறு ஆண்டுக்கு மேல் கழித்து அங்கே அணை கட்டப்பட்டது. அதைத் தாண்டி வரும் காவிரிதான் மேட்டூருக்கு வருகிறது, நம் பள்ளிபாளையத்தையும் பரமத்தி வேலூரையும் தொட்டுப் போகிறது.

கப்பலில் போன கோரிக்கைகள்

1786-ல் சுமார் 900 பேர் கொண்ட தூதுக்குழு கப்பலேறியது. குலாம் அலி கான் தலைவர். மஸ்கட், பஸ்ரா, பக்தாத் வழியாக இஸ்தான்புல் போய் உஸ்மானிய சுல்தான் முதலாம் அப்துல் ஹமீதைக் காண வேண்டும். கேட்க வேண்டியவை பல. தன் ஆட்சிக்கு கிலாஃபத்தின் அங்கீகாரம், பஸ்ரா துறைமுகத்தில் வணிக வசதி, அதற்கு ஈடாக மங்களூரில் உஸ்மானியருக்கு வசதி, படை உதவி. இவற்றோடு கண்ணாடி, பீங்கான், கடிகாரம் செய்யத் தெரிந்த தொழிலாளிகளும் வேண்டும்.

அந்தப் பயணம் ஒரு துயரம். கப்பல்கள் அழிந்தன, கொள்ளைநோய் வந்தது, பெரும்பாலோர் வழியிலேயே இறந்தார்கள். ஆண்டுகள் கழித்து மிகச் சிலரே ஊர் திரும்பினார்கள். அங்கீகாரம் கிடைத்தது, படை கிடைக்கவில்லை. உஸ்மானியர் அப்போது ரஷ்யாவோடு போரில் இறங்கியிருந்தார்கள். இங்கிலாந்தின் நட்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஒரே கலிமா, ஒரே கிப்லா என்றாலும் அரசுக்கு அரசு கணக்கு வேறு என்பதைத் திப்பு உணர்ந்திருக்க வேண்டும்.

அடுத்த தூது பிரான்சுக்கு. முஹம்மது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முஹம்மது உஸ்மான் கான் ஆகிய மூவரும் 1787-ல் புதுச்சேரியிலிருந்து புறப்பட்டு, 1788 ஆகஸ்டு 10 அன்று வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னரைச் சந்தித்தார்கள். பாரிஸ் நகரமே அவர்களை வேடிக்கை பார்க்கத் திரண்டது. அவர்களும் படைக்கூட்டணி கேட்டார்கள், தொழிலாளிகளும் கேட்டார்கள். லூயி படைக்கு இசையவில்லை. அதே மாதத்தில் பிரெஞ்சுக் கஜானா பணம் கொடுக்க முடியாமல் கையை விரித்தது. மறு ஆண்டு புரட்சி. ஆனால் கைவினைஞர்கள் சிலர் தூதர்களோடு ஸ்ரீரங்கப்பட்டணம் வந்தார்கள்.

இரண்டு தூதிலும் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. வெளிநாட்டுப் படை வரவே இல்லை. தொழில் தெரிந்த கை வந்தது.

பட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பட்டுப்புழு வளர்க்க விரும்பிய திப்பு மஸ்கட்டில் முயன்றார், வங்காளத்துக்கும் 1786-ல் ஆள் அனுப்பினார். வங்காளம் அன்று அவருடைய எதிரியான கம்பெனியின் கையில் இருந்தது. கல்வி எதிரி வீட்டில் இருந்தாலும் போய்க் கற்று வரலாம் என்பது அவர் போக்கு. புழு முட்டையோடு, வளர்ப்பு தெரிந்தவர்களும் வந்தார்கள். மைசூர் அரசில் 21 இடங்களில் பட்டு வளர்ப்பு நிலையங்கள் அமைக்க உத்தரவிட்டார். மல்பெரிச் செடி ஊர் ஊராகப் போனது.

வணிகத்துக்கு மஸ்கட்டில் அரசுக் கோட்டி இருந்தது. 1790-களில் அவர் வகுத்த வணிக விதியில் பொதுமக்களும் அரசு வணிகத்தில் பணம் போட வழி இருந்தது. சிறு தொகை போடுபவருக்கு இலாபத்தில் கூடுதல் விகிதம், பெருந்தொகை போடுபவருக்குக் குறைந்த விகிதம் என்று வகுத்தார். ஏழையின் ஐந்து ரூபாயைப் பெரிதாக எண்ணிய விதி அது.

ஆற்காடு போன வழி

அதே காலத்தில் தமிழகத்தில் இன்னொரு முஸ்லிம் ஆட்சியாளர் இருந்தார். ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா. சென்னைத் திருவல்லிக்கேணியின் பெரிய பள்ளிவாசல் அவர் குடும்பத்தின் நினைவைச் சுமந்து நிற்கிறது. மார்க்கக் கொடையில் குறை சொல்ல முடியாதவர். ஆனால் அவர் தம் நாட்டைக் காக்கக் கம்பெனிப் படையை வாடகைக்கு வைத்துக்கொண்டார். படைச் செலவுக்குக் கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்கு மேலும் கடன். கடன் கொடுத்தவர்களில் பலர் கம்பெனியின் ஊழியர்களே. அந்தக் கடன் ஊழல் லண்டன் பார்லிமெண்ட் வரை நாறியது.

கடனை அடைக்க நிலவரியை எழுதிக் கொடுத்தார். வரி வாங்க வந்தவர்கள் குடியானவனைப் பிழிந்தார்கள். 1795-ல் அவர் மறைந்தார், 1801-ல் கர்நாடக அரசு முழுவதும் கம்பெனியிடம் போனது. ஹைதராபாத் நிஜாமும் 1798-ல் தம் செலவில் கம்பெனிப் படையை வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். அரியணை மிஞ்சியது, அதிகாரம் போனது.

வாலாஜாவுக்கு வந்த உதவி, உதவியவரிடமே அவரைக் கட்டிப்போட்டது. பட்டுக்காரர் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பிறகும் புழு கூடு கட்டும். வாடகைப் படை போனால் கோட்டை காலி.

மறைக்கக் கூடாதவை

திப்புவை நேசிப்பவர்கள் அவர் குறைகளைச் சொல்லத் தயங்குவார்கள். ஓர் ஆலிமுக்கு அந்தத் தயக்கம் அழகல்ல. மங்களூர்க் கிறிஸ்தவர்களைக் கூட்டங்கூட்டமாகச் சிறைபிடித்து ஸ்ரீரங்கப்பட்டணம் கொண்டு போனார். குடகிலும் மலபாரிலும் கலகத்தை அடக்கிய முறை கொடுமையானது. ஊரைப் பெயர்த்ததும், கட்டாயப்படுத்தி மதம் மாற்றியதும் நடந்தன. மார்க்கத்தில் கட்டாயத்துக்கு இடமில்லை என்று படித்தவர் செய்த தவறு அது. மலபாரில் அவரை எதிர்த்தவர்களில் மாப்பிள்ளை முஸ்லிம் தலைவர்களும் இருந்தார்கள். ஆகவே இதை மதச்சண்டை என்று மட்டும் எழுதுவதும் சரியில்லை. 1791-ல் மராத்தியப் படையினர் சிருங்கேரி மடத்தைக் கொள்ளையிட்டபோது, அதைச் சீரமைக்கப் பொருளும் மரியாதையும் அனுப்பியவரும் இதே திப்புதான்.

நிர்வாகத்திலும் குறை இருந்தது. மாதங்களின் பெயர், ஆண்டுக் கணக்கு, அளவைகள் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே இருந்தார். வணிகத்தின் பெரும்பகுதியை அரசே எடுத்துக்கொண்டதில் வணிகர்கள் நொந்தார்கள். சின்ன உத்தரவும் அவர் பேனாவிலிருந்தே போக வேண்டும். அத்தனை அறிவும் ஒரே தலையில் இருந்தது.

சேலம் கைமாறிய ஆண்டு

1790-ல் கம்பெனியும் மராத்தியரும் நிஜாமும் ஒன்றுசேர்ந்து வந்தார்கள். பிரான்ஸ் தன் புரட்சியில் மூழ்கியிருந்தது, உதவ யாரும் இல்லை. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. நாட்டில் பாதி போனது. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம். அது கட்டி முடியும் வரை அப்துல் காலிக், முயிஸ்ஸுத்தீன் என்ற இரு சிறுவர்களைத் தந்தையிடமிருந்து பிரித்துப் பிணையாகச் சென்னைக்குக் கொண்டு போனார்கள். 1794-ல்தான் அவர்கள் வீடு திரும்பினார்கள்.

கம்பெனிக்குப் போன பாதியில் பாரமகால், சேலம், திண்டுக்கல், மலபார் அடங்கும். இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்கள் அப்போதுதான் கைமாறின. அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரி முதல் கலெக்டர். அவருக்கு உதவியாக வந்தவர்களில் தாமஸ் மன்றோ தருமபுரியில் இருந்தார். சென்னையிலிருந்த சிவில் அதிகாரிகளை நம்பாமல் உள்ளூர் மொழி தெரிந்த படைக்காரர்களைப் போட்டார் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ்.

அவர்கள் நிலத்தை வயல் வயலாக அளந்தார்கள், உழுபவனோடு நேராகக் கணக்கு வைத்தார்கள். பின்னர் ரயத்துவாரி என்று பெயர்பெற்ற முறை இந்தச் சீமையில் வேர்விட்டது. நடுவில் ஆள் இல்லாமல் குடியானவனிடமே வரி வாங்கும் பழக்கம் மைசூர் காலத்திலேயே இங்கு இருந்தது. எதிரியின் நிர்வாகத்தில் நல்லதை எடுத்துக்கொள்ளக் கம்பெனி வெட்கப்படவில்லை. ஆனால் வரி விகிதம் கடுமையாக இருந்தது. அதையும் கலைத்துவிட்டு, 1800-களின் தொடக்கத்தில் ஊர்களைத் தொகுத்து மிட்டாக்களாக ஏலம் விட்டார்கள். மிட்டாதார் பலர் கட்ட முடியாமல் விழுந்தார்கள். மிட்டா என்ற சொல் மட்டும் நம் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது. மேலேயிருந்து திட்டம் மாறும்போதெல்லாம் விலை கொடுத்தவன் உழுதவன்தான்.

மொரீஷியஸ் தவறு

பாதி நாடு போன பிறகும் திப்பு கடனை அடைத்தார், கோட்டையைச் செப்பனிட்டார், வணிகத்தைப் பெருக்கினார். அத்தோடு நின்றிருக்கலாம். 1797-ல் மங்களூரில் ஒதுங்கிய ஒரு பிரெஞ்சுக் கப்பல்காரன், மொரீஷியஸ் தீவில் பெரும்படை தயாராக இருப்பதாகச் சொன்னான். ஏற்கனவே மூன்று முறை கை விட்டவர்கள் என்று தெரிந்தும் திப்பு ரகசியமாகத் தூதர்களை அனுப்பினார். தீவின் கவர்னர் மலார்த்திக்கிடம் அனுப்பப் படையே இல்லை. அவர் 1798 ஜனவரியில், திப்புவுக்காகப் போரிட ஆள் வேண்டும் என்று ஊரறிய விளம்பரம் செய்துவிட்டார். ரகசியம் சந்தைக்கு வந்தது. சேர்ந்து வந்தவர்கள் சுமார் நூறு பேர்.

கல்கத்தாவில் புதிதாக வந்திறங்கியிருந்த வெல்லெஸ்லிக்கு வேறு சாக்குத் தேவைப்படவில்லை. நெப்போலியன் எகிப்தில் இறங்கியது அவருக்கு மேலும் வசதியாயிற்று. பிரெஞ்சுக்காரரை விட்டு விலகச் சொல்லி உஸ்மானிய சுல்தான் மூன்றாம் சலீமிடமிருந்தே திப்புவுக்குக் கடிதம் வந்தது. அது ஆங்கிலேயர் கை வழியாக வந்த கடிதம். நெப்போலியன் எழுதிய கடிதமோ வழியில் பிடிபட்டது.

1799 மே 4, ஹிஜ்ரி 1213 துல்கஅதா. கோட்டைச் சுவர் உடைந்தது. தப்பிப் போக வழி இருந்தும் போகாமல், நீர்வாசல் அருகே சாதாரணச் சிப்பாயைப் போலப் போரிட்டு விழுந்தார். வயது 48. மறுநாள் கும்பஸில் தந்தையின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, அவருடைய உயிர்த்தியாகத்தை ஏற்றுக்கொள்வானாக.

பிள்ளைகள் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு வரப்பட்டார்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு கல்கத்தாவுக்கு. தீரன் சின்னமலையை 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். ஆடி 18-ல் இன்றும் அங்கே மாலை விழுகிறது.

எது தங்கியது?

மீர் சாதிக்கின் துரோகத்தோடு கதையை முடித்துவிடுவது நம் வழக்கம். துரோகம் நடந்தது. ஆனால் ஒருவன் கதவைத் திறந்துவிட்டால் ஒரு நாடே விழும் என்றால், அந்த நாடு ஒரே ஒரு மனிதரின் தோளில் நின்றது என்று பொருள். பூர்ணையா போன்றவர்கள் மறுநாளே அடுத்த அரசுக்கு நிர்வாகம் செய்யப் போனார்கள். நிர்வாகம் பிழைத்தது, அரசு பிழைக்கவில்லை.

பட்டு பிழைத்தது. இடையில் நலிந்து மீண்டது, ஜப்பானிய நுட்பம் வேறு பின்னால் வந்து சேர்ந்தது. இன்று தருமபுரி பட்டுக்கூடு ஏல அங்காடியில் கூடையோடு காத்திருக்கும் விவசாயியும், சேலம் வெண்பட்டு நெய்யும் குடும்பமும் திப்புவை நினைப்பதில்லை. நினைக்க வேண்டியதும் இல்லை. தொழில் அவர்களுடையதாகிவிட்டது.

நம் காலத்தில் ஆப்கானிஸ்தானைப் பாருங்கள். இருபது ஆண்டுகள் உலகமே பணம் கொட்டியது. ஒரு கட்டத்தில் அரசுச் செலவில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வெளிநாட்டு நன்கொடை. 2021 ஆகஸ்டில் அந்நியப் படை விலகும்போதே அரசும் கரைந்தது. ஹெராத் பக்கத்தில் இந்தியா கட்டிக் கொடுத்து 2016-ல் திறந்த சல்மா அணை மட்டும் அதன் பிறகும் ஆற்றைத் தேக்கி நின்றது. 2011-ல் தென்கொரியாவின் பூசான் நகரில் கூடிய உலக மாநாட்டில், போரால் நொறுங்கிய நாடுகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கோரிக்கை வைத்தன. திட்டத்தை நாங்கள் வகுக்கிறோம், எங்கள் கஜானாவையும் நீதிமன்றத்தையும் பலப்படுத்த உதவுங்கள் என்பது அதன் பொருள். ஏட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நடைமுறை இன்னும் பின்தங்கியே இருக்கிறது.

இது பெரிய அரசுகளுக்கு மட்டும் உரிய பாடம் என்று எண்ண வேண்டாம். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில், வளைகுடாவில் இருக்கும் நல்லவர் ஒருவர் அனுப்பிய பணத்தில் மதரஸாவுக்குக் கணினி மையம் கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன், துஆவும் செய்தேன். மூன்று ஆண்டு கழித்துப் போனபோது கணினிகள் துணி மூடிக் கிடந்தன. சொல்லிக் கொடுக்கும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க யாரும் திட்டமிடவில்லை. பணம் அனுப்பியவர் மேல் குற்றமில்லை. கேட்ட நாங்கள் கட்டடத்தைக் கேட்டோம், கற்பிக்கும் ஆளைக் கேட்கவில்லை.

அடுத்த முறை நம் ஜமாஅத்திலோ குடும்பத்திலோ வெளியிலிருந்து உதவி கேட்கும் நேரம் வரும். கொடுப்பவர் நாளைக்கு நிறுத்திவிட்டால் நம்மிடம் என்ன மிஞ்சும் என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுவோம். பிள்ளைகள் நாமக்கல் மலையில் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்லலாம். இந்தக் கோட்டை அவருக்கு நிலைக்கவில்லை, அவர் தேடிக் கொண்டுவந்த பட்டுப்புழு நிலைத்தது என்று.